சூரியக் காற்றும் காந்தக் கவசமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சூரியக் காற்றின் வேகம் நொடிக்கு 700 கி.மீ. என்று காட்டியது. காந்தப் புயல் மட்டும் வரவில்லையே, ஏன்?

சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டமே சூரியக் காற்று; அது பூமியின் காந்தப்புலத்தைப் பெரிதாகக் குலைப்பதே காந்தப் புயல். வேகத்தை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஏமாற வேண்டியிருக்கும். காற்றோடு வரும் காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பூமியின் காந்தப்புலம்தான் நம் கவசம்; அதன் பகல் பக்க எல்லையில் பூமியின் புலம் வடக்கு நோக்கியது. வருவது தெற்கு நோக்கியதாக இருந்தால், எதிரெதிர்க் கோடுகள் அறுந்து ஒன்றோடொன்று இணையும். அந்த வழியாகத்தான் ஆற்றல் உள்ளே இறங்குகிறது. வடக்கு நோக்கி வந்தால் பெரும்பகுதி விலகிப் போய்விடும்.

சூரியக் காற்று வரைபடத்தில் 'பி-இசட்' கோடு (காற்றின் புலத்தின் வடக்கு-தெற்குக் கூறு; மைனஸ் என்றால் தெற்கு) மைனஸ் 10 நானோடெஸ்லாவுக்குக் (காந்தப்புல அலகு) கீழே மூன்று மணி நேரத்துக்கு மேல் தங்கினால் கடும் புயலை எதிர்பார்க்கலாம். பத்து நிமிடம் இறங்கி ஏறுவது பொருட்டல்ல. அளவு ஜி.எஸ்.எம். ஆயத்தில் (பூமியின் காந்த அச்சை ஒட்டித் திசைகளைக் குறிக்கும் அச்சு முறை) உள்ளதா என்றும் பாருங்கள். இன்னொரு முறையான ஜி.எஸ்.இ. ஆயம் பூமியின் காந்த அச்சைக் கணக்கில் கொள்வதில்லை. சில நேரம் குறியே மாறிவிடும்.

கேள்வி: ஆதித்யா-எல்1 எவ்வளவு முன்னதாகச் சொல்லும்?

சூரியனை ஆராயும் இந்திய விண்கலமான அது நிற்பது பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தொலைவில். காற்று நொடிக்கு 400 கி.மீ. வேகத்தில் வந்தால் ஒரு மணி நேரம், 800 என்றால் அரை மணி. இரண்டு மூன்று நாள் முன்பே எச்சரிக்கை வருகிறதே என்பீர்கள். அது வந்துசேரும் நேரத்தைத்தான் கணிக்கிறது. புலத்தின் திசை பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் தெரியும்.

கேள்வி: புவிநிலைச் செயற்கைக்கோள் கவசத்துக்கு வெளியே மாட்டிக்கொள்ளுமா?

மாட்டிக்கொள்ளும். கவசத்தின் முன் எல்லை பூமியின் மையத்திலிருந்து வழக்கமாக 10 புவி ஆரம்; செயற்கைக்கோள் 6.6-இல். எல்லையின் தூரம் சூரியக் காற்றின் அழுத்தத்தின் ஆறாம் மூலத்துக்கு எதிர்விகிதம் என்பதால், அங்கே வரை நசுக்க அழுத்தம் சுமார் 12 மடங்காக வேண்டும். தெற்குப் புலமும் சேர்ந்தால் அதைவிடக் குறைவே போதும். காந்தமானியை (காந்தப்புலத்தை அளக்கும் கருவி) வைத்துத் தன் திசையைச் சரிசெய்யும் செயற்கைக்கோளுக்கு அப்போது குழப்பம்தான்: அது அளக்கும் புலம் தலைகீழாகிவிடும்.

கேள்வி: புதன், செவ்வாய்?

புதனின் புலம் நம்முடையதில் சுமார் 1 சதவீதம். அதன் கவசத்தின் முன் எல்லை தரைக்கு மேல் ஏறக்குறைய 1,000 கி.மீ.தான். செவ்வாயில் கோள் முழுக்கப் பரவிய புலமே இல்லை. தெற்கே பாறைகளில் உறைந்த திட்டுகள் மட்டும்.

கேள்வி: தமிழ்நாட்டில் ஏதாவது தெரியுமா?

கண்ணுக்குத் தெரியாது, காந்தமானிக்குத் தெரியும். காந்த நடுக்கோட்டை (பூமியின் புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு) ஒட்டிய திருநெல்வேலியில், சூரியக் காற்றின் அழுத்த அலை கவசத்தில் மோதியதும் புலம் சட்டென்று எகிறும். நண்பகலில் இந்தத் துள்ளல், நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் மகாராஷ்டிரத்தின் அலிபாக்கைவிட இங்கே பெரிது, நடுக்கோட்டு மின்னோட்டம் மேல் வளிமண்டலத்தில் தலைக்கு மேலே ஓடுவதால். ஆனால் துள்ளலைப் பார்த்துப் புயல் என்று எழுதிவிடாதீர்கள். காற்றின் புலம் வடக்கு நோக்கி இருந்தாலும் அது வரும். அதன்பின் தரையில் அளக்கும் புலம் மணிக்கணக்கில் இறங்கினால்தான் புயல்.