வீட்டுல இருந்து மெடிக்கல் பில்லிங் பண்ண ஃபேக்ஸ் மெஷின் வாங்கணுமா?

கேள்வி: திருச்சியில வீட்டுல இருந்தே ரெண்டு அமெரிக்க கிளினிக்குக்கு மெடிக்கல் பில்லிங் பண்றேன். டினையல் ஆன, அதாவது பணம் தர மறுத்த, கிளைமுக்கு அப்பீல் லெட்டரும் ரெக்கார்ட்ஸும் ஃபேக்ஸ்ல அனுப்புங்கன்னு இன்சூரன்ஸ்காரங்க சொல்றாங்க. பத்தாயிரத்துக்குள்ள நல்ல ஃபேக்ஸ் மெஷின் எது? தெரிஞ்சவங்க ஒருத்தர் பழைய பேனாசோனிக் ஒன்ன 1,500 ரூபாய்க்கு தர்றேன்னாங்க, எடுத்துக்கலாமா? வீட்டுல ஃபைபர் கனெக்ஷன் இருக்கு, அதோட வந்த போன் நம்பரும் இருக்கு.

பதில்: சிஸ்டர், கடைசி வரியில போகிற போக்குல ஃபைபர்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க, உங்க கேள்விக்கு பாதி பதில் அதுலதான் இருக்கு. ஃபேக்ஸ்ல எந்த மெஷின்னு பாக்குறதுக்கு முன்னாடி எந்த லைன்னு பாக்கணும், கடைக்காரங்க யாரும் இத சொல்ல மாட்டாங்க.

ஃபேக்ஸ் மெஷினுக்குள்ள இருக்கறது ஒரு மோடம்தான். தாள கறுப்பு வெள்ளை புள்ளியா படிச்சு, அத சத்தமா மாத்தி போன் லைன்ல அனுப்பும், அந்தப் பக்கத்து மெஷின் அந்த சத்தத்த கேட்டு திரும்ப படமாக்கும். இதெல்லாம் பழைய செம்பு லைன நம்பி செஞ்ச ஏற்பாடு. இப்ப நம்ம வீட்டு ஃபைபர் பாக்ஸ்ல போன் குத்துறதுக்கு ஒரு போர்ட் இருக்குல்ல, அதுல போறது இன்டர்நெட் வழியா துண்டு துண்டா போற குரல், ரெண்டு துண்டு காணாமப் போனா நம்ம காதுக்கு தெரியாது, "ஹலோ ஹலோ"ன்னுட்டு பேச்ச தொடர்ந்துருவோம், ஆனா மோடமுக்கு அது பெரிய ஓட்டை. குரல சுருக்கி அனுப்புற ஜி.729 மாதிரி கோடெக் நடுவுல வந்துட்டா சுத்தமா போகாது. நாலாவது பக்கத்துல கட் ஆகும், திரும்ப போட்டா ஏழாவதுல கட் ஆகும். ஸ்பீட 33.6லேருந்து 9.6 கேபிபிஎஸ்க்கு இறக்கி, ஈசிஎம்ங்கிற எரர் கரெக்ஷன ஆஃப் பண்ணிட்டு அனுப்பினா சில லைன்ல போகும். டி.38னு இதுக்குன்னே ஒரு முறை இருக்கு, ஆனா அத உங்க சர்வீஸ் கம்பெனி உங்க லைன்ல போட்டுக் குடுத்திருக்கணும், வீட்டு பிளான்ல அத எதிர்பார்க்க முடியாது.

சரி, லைன் நல்லாவே இருக்குன்னு வச்சுக்குவோம். உங்ககிட்ட இருக்கற பேயர் (அதாவது இன்சூரன்ஸ் கம்பெனி) ஃபேக்ஸ் நம்பர் லிஸ்ட கொஞ்சம் எடுத்துப் பாருங்க, அதுல எத்தனை 800, 888, 877, 866, 855ன்னு ஆரம்பிக்குது? அதெல்லாம் அமெரிக்காவுக்குள்ள டோல் ஃப்ரீ நம்பர், இந்தியாவுலேருந்து டயல் பண்ணா பெரும்பாலும் போகவே போகாது, போனாலும் ஐஎஸ்டி சார்ஜ் விழும். பத்தாயிரம் போட்டு புது மெஷின் வாங்கி வச்சாலும் அப்பீல் அனுப்ப வேண்டிய நம்பருக்கே லைன் கிடைக்காது. கிடைக்கற நம்பருக்கும் பக்கத்துக்கு ஒரு நிமிஷம்னு வச்சா 25 பக்க ரெக்கார்ட்ஸுக்கு 25 நிமிஷம் ஐஎஸ்டி. அதனால உங்க வேலைக்கு மெஷின் வேண்டாம்ங்கிறதுதான் என் பதில்.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி கிளையன்ட்டுக்கு ஒரு மெயில் போடுங்க. ஈகிளினிக்கல்வொர்க்ஸ் மாதிரி பேஷன்ட் ரெக்கார்ட்ஸ் வைக்கற நிறைய ஈஹெச்ஆர் சாஃப்ட்வேர்லயே ஃபேக்ஸ் வசதி இருக்கு, கிளினிக்ல ஏற்கனவே அதுக்கு காசு கட்டிட்டு இருப்பாங்க, உங்க லாகினுக்கு பெர்மிஷன் மட்டும் குடுத்திருக்க மாட்டாங்க. அதே மாதிரி பேயர் போர்ட்டலையும் பாருங்க, அவெய்லிட்டிங்கிற பொதுவான போர்ட்டல் வழியா நிறைய பேயருக்கு அப்பீலும் ரெக்கார்ட்ஸும் அப்லோடே பண்ணலாம், அமெரிக்க அரசு இன்சூரன்ஸான மெடிகேருக்கு, அந்தந்த ஏரியா கிளைம பாக்குற மேக்ங்கிற கம்பெனியோட போர்ட்டல்ல ரீடிட்டர்மினேஷன், அதாவது முதல் கட்ட அப்பீல், போட வழி இருக்கு. போன்ல பேசுற ரெப் பழக்கதோஷத்துல "ஃபேக்ஸ் பண்ணுங்க"ன்னுதான் சொல்லுவாங்க, "போர்ட்டல்ல போட முடியுமா"ன்னு நாமதான் வாய் விட்டுக் கேக்கணும்.

இதெல்லாம் போக மீதி இருக்கற பேயருக்கு ஆன்லைன் ஃபேக்ஸ். இஃபேக்ஸ், எஸ்ஆர்ஃபேக்ஸ், ஃபேக்ஸ்.பிளஸ்னு பல சர்வீஸ் இருக்கு, பிடிஎஃப் அப்லோட் பண்ணி நம்பர் போட்டா அவங்க சர்வர் டயல் பண்ணிக்கும், டோல் ஃப்ரீ நம்பரும் போகும், ஒரு அமெரிக்க நம்பரும் கிடைக்கறதால பேயர் திரும்ப அனுப்புற லெட்டர் உங்க இன்பாக்ஸ்ல வந்து விழும். ஃபேக்ஸ்ஜீரோ மாதிரி இலவச சர்வீஸும் உண்டு, ஒரு தடவைக்கு கவர் ஷீட் போக மூணு பக்கம் அனுப்பலாம், கவர்ல விளம்பரம் இருக்கும். சொந்த விஷயத்துக்கு தாராளமா வச்சுக்கோங்க, பேஷன்ட் பேப்பருக்கு மட்டும் கூடவே கூடாது. ஏன்னா ஹிப்பா, பேஷன்ட் தகவல பாதுகாக்கற அமெரிக்க சட்டம். 2013ல வந்த ஆம்னிபஸ் ரூல்லேருந்து கிளினிக்குக்கு வேலை பாக்குற பில்லிங் ஆளுங்க மட்டுமில்ல, அவங்க சப் கான்ட்ராக்டர்ஸும் அந்த சட்டத்துக்கு கட்டுப்பட்ட பிசினஸ் அசோசியேட் கணக்குல வந்துட்டாங்க. உங்களுக்காக பேஷன்ட் ரெக்கார்ட்ஸ வாங்கி தன் சர்வர்ல வச்சிருக்கற ஃபேக்ஸ் கம்பெனி, அந்த தகவல பாதுகாப்போம்ங்கிற பிஏஏ அக்ரிமென்ட்ல கையெழுத்து போட்டே ஆகணும். எந்த பிளான்ல பிஏஏ குடுப்பாங்கன்னு முதல்ல கேளுங்க, சில கம்பெனியில சீப்பான பிளானுக்கு குடுக்க மாட்டாங்க, அப்ப "மாசம் வெறும் இவ்ளோ டாலர்"ங்கிற விளம்பரம் உங்களுக்கு இல்லைன்னு அர்த்தம். இன்னொன்னு, பக்கக் கணக்குல வர்றதும் சேர்த்தியா, போறது மட்டுமான்னு பாருங்க.

என்னைக் கேட்டா அக்கவுன்ட கிளினிக் பேர்லயே எடுக்கச் சொல்லி உங்களுக்கு ஒரு யூசர் லாகின் வாங்கிக்கறதுதான் நல்லது. பிஏஏ அவங்களுக்கும் ஃபேக்ஸ் கம்பெனிக்கும் நேரா முடிஞ்சிரும், நாளைக்கு நீங்க அந்த கிளையன்ட விட்டு வந்தாலும் நம்பர் அவங்ககிட்டயே இருக்கும், உங்க கார்டுலேருந்து டாலரும் போகாது. உங்க பேர்லதான் எடுக்கணும்னா வருஷ பிளானா பாருங்க, 2021ல ஆர்பிஐ ஆட்டோ டெபிட் ரூல் மாறினதுலேருந்து வெளிநாட்டு கம்பெனிக்கு மாசாமாசம் போற பேமென்ட் சில கார்டுல அப்பப்ப நின்னுருது, ஃபேக்ஸ் நம்பர் சஸ்பெண்ட் ஆன பிறகுதான் நமக்கு தெரியும்.

இனி அனுப்புற விஷயம். ஃபேக்ஸுக்கு கறுப்பு, வெள்ளை ரெண்டே கலர்தான், நடுவுல எதுவும் கிடையாது. இஓபியில (கிளைமுக்கு எவ்ளோ குடுத்தோம், ஏன்னு இன்சூரன்ஸ்காரங்க அனுப்புற தாள்) முக்கியமான வரிய ரோஸ் இல்ல பச்ச ஹைலைட்டர்ல அடிச்சிருந்தா அந்தப் பக்கம் அது கறுப்புப் பட்டையா போய் சேரலாம், நீங்க எந்த வரிய படிக்கணும்னு அடிச்சீங்களோ அதுவே காணாமப் போயிரும். பக்கத்துல ஒரு அம்புக்குறி போடுங்க, போதும். சாம்பல் கலர் பேக்கிரவுண்ட்ல இருக்கற டேபிள் புள்ளி புள்ளியா உதிர்ந்து போகும். ஸ்டாண்டர்ட் மோடுல மேலேருந்து கீழ அங்குலத்துக்கு 98 கோடுதான், பொடி எழுத்துல இருக்கற கிளைம் நம்பர்ல 8 எது 3 எதுன்னு தெரியாம அங்க வேற யாரோ பேர்ல இன்டெக்ஸ் பண்ணி வச்சிருவாங்க. எப்பவும் ஃபைன் மோடு வைங்க, அதுல 196. கவர் ஷீட்ல பேஷன்ட் பேர், டயக்னோசிஸ் எதுவும் எழுதாதீங்க, கிளைம் நம்பரும் மொத்த பக்கமும் போட்டா போதும். உள்ள ஒவ்வொரு பக்கத்து மேலயும் கிளைம் நம்பர் இருக்கட்டும், ஏன்னா அங்க கவர் ஷீட் தனியா போயிடுறது சகஜம்.

கன்ஃபர்மேஷன் ரிப்போர்ட்ட கிளைம் நம்பர் பேர்ல சேவ் பண்ணி வைங்க. "எங்களுக்கு வரவே இல்ல"ன்னு பேயர் சொல்றது நீங்க பாக்காததா, அப்ப அந்த ஒரு தாள்தான் பேசும். சக்சஸ்னு போட்டிருந்தாலும் பக்கக் கணக்க பாருங்க, 22 அனுப்பினதுக்கு 22 போயிருக்கணும். இதுல எல்லாரும் கோட்ட விடுற இடம் டைம் ஜோன். அக்கவுன்ட இந்திய நேரத்துல வச்சிருந்தீங்கன்னா, 11ம் தேதி ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க அனுப்புறப்ப அங்க 10ம் தேதி சாயங்காலம், ஆனா ரிப்போர்ட்ல 11ன்னு விழும். மெடிகேர் ரீடிட்டர்மினேஷனுக்கு 120 நாள்தான் டைம், அந்த 120வது நாள் 10ம் தேதியா இருந்தா உங்க ப்ரூஃபே உங்களுக்கு எதிரா நிக்கும். கிளினிக் இருக்கற ஊர் நேரத்துக்கு மாத்திருங்க.

நல்ல செம்பு லைன் இருக்கு, உள்ளூர் நம்பருக்குத்தான் அனுப்பணும்னு வேற யாராவது இத படிச்சா, அவங்களுக்கு மட்டும் கொஞ்சம். தனி ஃபேக்ஸ் மெஷின் தேடாதீங்க, ஃபேக்ஸ் இருக்கற ஆல் இன் ஒன் பிரின்டர் எடுங்க. பிரதர்ல எம்எஃப்சின்னா ஃபேக்ஸ் இருக்கும், டிசிபின்னா இருக்காது. ஹெச்பி லேசர்ல மாடல் நம்பருக்குப் பின்னாடி எஃப்டிடபிள்யூ மாதிரி வர்றதுல அந்த எஃப்தான் ஃபேக்ஸ். இங்க் டேங்க்ல எப்சன் எல்5290ல ஃபேக்ஸும் இருக்கு, தாள அடுக்கி வச்சா தானா இழுக்கற ஏடிஎஃப்பும் இருக்கு, ஆனா பத்தாயிரத்துக்குள்ள வராது. ஏடிஎஃப் இல்லாத மெஷின்ல 20 பக்கத்த ஒவ்வொன்னா கண்ணாடியில வச்சு அனுப்பிப் பாருங்க, ஏன் சொன்னேன்னு தெரியும்.

அந்த 1,500 ரூபாய் பேனாசோனிக். மாடல் நம்பர் கேஎக்ஸ்-எஃப்டின்னு ஆரம்பிச்சா தெர்மல் ரோல் மெஷின், 30 மீட்டர் ரோல்ல நூறு பக்கம் வரும், ஏடிஎம் ஸ்லிப் மாதிரி நாளாக ஆக எழுத்து மங்கிரும், ஃபைல் பண்ணி வைக்க ஜெராக்ஸ் எடுத்தாகணும். கேஎக்ஸ்-எஃப்பின்னா சாதா தாள்ல ஃபிலிம் வச்சு அடிக்கற மெஷின், அதுல இன்னொரு வில்லங்கம் இருக்கு, ஓடி முடிஞ்ச ஃபிலிம வெளிச்சத்துல பிடிச்சா அதுல அடிச்ச ஒவ்வொரு பக்கமும் அப்படியே படிக்கலாம், பேஷன்ட் பேரு, பிறந்த தேதி, எல்லாம். அத குப்பையில போட்டா உங்க கிளையன்ட்டுக்கு நீங்க என்ன பதில் சொல்லுவீங்க? எதுவா இருந்தாலும் வேண்டாம்னுருங்க, அந்த 1,500அ பிஏஏ குடுக்கற ஆன்லைன் பிளானுக்கு வச்சுக்கோங்க.