அப்பாவின் ஒருவேளைச் சாப்பாடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அப்பாவுக்கு 67 வயது. ஓய்வு பெற்ற பிறகு நீண்ட ஆயுள் பற்றிய காணொளிகளைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு வருடமாக ஒருவேளைதான் சாப்பிடுகிறார். 68 கிலோ இருந்தவர் இப்போது 59. மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1-லிருந்து 5.6-க்கு வந்துவிட்டது என்று ரிப்போர்ட்டை எல்லோரிடமும் காட்டுகிறார். "பட்டினி கிடந்தால் செல் தன் குப்பையைத் தானே தின்றுவிடும், எலியில் நிரூபித்துவிட்டார்கள்" என்கிறார். வயதானால் மெட்டபாலிசம் குறைந்துவிடும், அதனால் சாப்பாடும் குறைய வேண்டும் என்பது அவர் வாதம்.

எனக்கு உறுத்துவது வேறு. தாழ்வான சோபாவிலிருந்து எழும்போது இரண்டு கையையும் ஊன்றித்தான் எழுகிறார். எழுந்ததும் தலை சுற்றுகிறது என்று கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார். பல வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர். கேட்டால் "உடம்பு லேசாகிவிட்டதும்மா" என்று சிரிக்கிறார். குறைவாகச் சாப்பிட்டால் முதுமை உண்மையிலேயே தள்ளிப்போகுமா? அவரைத் தடுக்க வேண்டுமா? எனக்கு 41 வயது. நானும் ஆரம்பிக்கலாமா என்றுகூட ஒரு யோசனை இருந்தது.

வளர்மதி

அன்புள்ள வளர்மதி,

முதலில் தலைச்சுற்றலைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். 68 கிலோ உடம்புக்கு எழுதிக்கொடுத்த பிரஷர் மாத்திரை 59 கிலோ உடம்புக்கு அதிகமாகிப்போயிருக்கலாம். எடை இறங்கினால் ரத்த அழுத்தமும் இறங்கும். மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இருந்தால், எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென்று சரிந்துவிடும். அந்த வயதில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதிலிருந்து மீள்வது பெரும்பாடு. படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்ற பிறகு ஒருமுறை அழுத்தத்தை அளக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். எடை குறைந்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். முதியவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் 5% எடை இறங்கினாலே மருத்துவர்கள் காரணம் தேடுவார்கள். அப்பாவுக்கு இறங்கியிருப்பது 13%. சாப்பாட்டைக் குறைத்ததுதான் காரணம் என்று நாமே முடிவுகட்டிவிட வேண்டாம்.

இனி அவர் சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா ஏதோ புரளியை நம்பிவிட்டார் என்று நினைக்காதீர்கள். அவர் பிடித்துக்கொண்டிருப்பது முதுமை ஆராய்ச்சியின் மிக உறுதியான முடிவுகளில் ஒன்றை. 1935-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே, சத்துக்குறைவு வராமல் கலோரியை மட்டும் குறைத்து எலிகளை வளர்த்தார். அவை வயிறாரத் தின்ற எலிகளைவிட நெடுநாள் வாழ்ந்தன. பிறகு ஈஸ்ட், புழு, ஈ என்று பல உயிர்களில் இதைப் பார்த்துவிட்டார்கள். 1993-ல் சிந்தியா கென்யனின் குழு ஒரு நுண்புழுவில் ஒரே ஒரு மரபணுவை மாற்றி அதன் ஆயுளை இரண்டு மடங்காக்கியது. அந்த மரபணு நம் உடம்பின் இன்சுலின் வழித்தடத்துக்கு உறவுக்காரன். சாப்பாட்டுக்கும் மூப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்ற கருத்து அதன் பிறகு இன்னும் வலுப்பெற்றது.

செல் தன் குப்பையைத் தானே தின்னும் என்பதும் உண்மைதான். அது நடக்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காக யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லுக்குள் டார் என்றொரு புரதம் இருக்கிறது. அமினோ அமிலமும் இன்சுலினும் வந்து சேர்ந்தால் அது விழித்துக்கொண்டு 'வளர், கட்டு' என்று கட்டளையிடும். அப்போது துப்புரவு வேலை பின்னுக்குப் போய்விடும். வரத்து குறைந்தால் டார் அடங்கும், பழுதான புரதங்களைச் செல் உடைத்து மறுபடி பயன்படுத்தும். கடையைத் திறந்து வியாபாரம் பார்த்துக்கொண்டே வெள்ளையடிக்க முடியாது என்பதுபோலத்தான். ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து எடுத்த ராபமைசின் என்ற மருந்து இந்த டாரைத்தான் அடக்குகிறது. 2009-ல் வெளியான ஆய்வில், பிறந்து 600 நாளான கிழட்டு எலிகளுக்கு அதைக் கொடுத்தபோதுகூட அவற்றின் ஆயுள் நீண்டது.

ஆனால் தசையைக் கட்டச் சொல்வதும் இதே டார்தான். காணொளிகளில் இதைச் சொல்கிறார்களா என்று தெரியவில்லை, அப்பாவின் காதுக்கு இது போய்ச்சேரவில்லை என்பது மட்டும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. 30 வயதுக்காரரின் தசை கொஞ்சம் புரதம் கிடைத்தாலே விழித்துக்கொள்ளும். 67 வயதுக்காரரின் தசைக்கு அதே தூண்டல் போதாது. அதே அளவு வளர்ச்சிக்கு அவருக்கு ஒவ்வொரு வேளையும் கூடுதல் புரதம் வேண்டும். அப்படிப்பட்டவர் நாளின் பெரும்பகுதி டாரைத் தூங்கவைத்தால், துப்புரவோடு சேர்த்துத் தசையும் கரையும். எடை இறங்கும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை. சாதாரணமாகவே இழக்கும் எடையில் கால் பங்கு அளவு கொழுப்பல்லாத திசு. உடற்பயிற்சி இல்லாத முதியவருக்கு அது இன்னும் கூடலாம்.

அந்த சோபாவை மறுபடி நினைத்துப் பாருங்கள். உங்களை உறுத்தியது சரியான இடத்தில்தான் உறுத்தியிருக்கிறது. கையை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பார்கள். 15 நொடிக்கு மேல் ஆனால் தசை பலம் குறைந்திருக்கிறது என்று ஐரோப்பிய நிபுணர் குழு 2019-ல் வகுத்த வரையறை சொல்கிறது. அப்பாவால் கை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியவில்லை என்றால் கடிகாரமே தேவையில்லை. (தலைச்சுற்றல் சரியாகும்வரை இதைச் செய்துபார்க்கச் சொல்லாதீர்கள்.) 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கைப்பிடி பலம் 5 கிலோ குறையக் குறைய இறப்பு அபாயம் 16% ஏறியது. ரத்த அழுத்தத்தைவிட அதுதான் இறப்பைச் சரியாக முன்னறிவித்தது. அப்பா மகிழ்ந்துபோய்க் காட்டுகிற ரிப்போர்ட்டில் இந்தக் கணக்கு இல்லை. சர்க்கரை குறைந்தது நல்ல செய்திதான். ஆனால் சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் கணிசமான பங்கை வாங்கிக்கொள்வது தசை. அதைக் கரைத்துக்கொண்டே போனால் இந்த 5.6 எத்தனை நாள் தங்கும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

எலிகளிடமே மறுபடி போவோம், அப்பா அவற்றைத்தான் நம்புகிறார். ஒரே மாதிரி மரபணு கொண்ட ஆய்வக எலிகளை விட்டுவிட்டு, நம்மைப்போல ஆளுக்கொரு மரபணுவோடு இருக்கும் 960 பெண் எலிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2024-ல் முடிவு வந்தது. 40% கலோரி குறைத்த கூட்டம் சராசரியில் அதிகம் வாழ்ந்தது, சரி. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே யார் அதிக நாள் இருந்தார்கள் தெரியுமா? குறைந்த தீனியிலும் எடையை விடாமல் பிடித்துக்கொண்டவை. மளமளவென்று இளைத்தவை சீக்கிரம் போய்ச்சேர்ந்தன. முதுமையில் உடம்பில் கொஞ்சம் கொழுப்பைச் சேர்த்து வைத்திருந்ததும்கூட நீண்ட ஆயுளோடுதான் சேர்ந்து வந்தது. எந்த மரபணுவோடு பிறந்தது என்பது, எந்த உணவு என்பதைவிட அதிகம் தீர்மானித்தது. ஒன்பது கிலோ இறங்கியதை வெற்றியாக எண்ணும் யாரும் இந்த முடிவை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வாழ்நாளெல்லாம் வயிறாரத் தின்ற எலிகளை 24 மாத வயதில், அதாவது கிழப்பருவத்தில், திடீரென்று குறைந்த தீனிக்கு மாற்றிப் பார்த்தார்கள். 2019-ல் வந்த முடிவின்படி பலன் அநேகமாக இல்லை. இளமையில் தொடங்கியவற்றுக்குக் கிடைத்தது இவற்றுக்குக் கிடைக்கவில்லை. அப்புறம், கூண்டில் இருக்கும் எலிக்கு மாடிப்படி கிடையாது, வழுக்கும் குளியலறை கிடையாது, பருவம் மாறினால் வரும் சளிக்காய்ச்சல் கிடையாது. பத்து நாள் படுக்கையில் கிடந்தால் செலவழிக்க வேண்டிய தசைச் சேமிப்பு அதற்குத் தேவையே இல்லை. மனிதர்கள் முதுமையில் நொடித்துப்போவது பல நேரம் அந்தப் பத்து நாளில்தான்.

குரங்குகளின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் இரண்டு இடங்களில் ரீசஸ் குரங்குகளை வைத்து 1980-களின் இறுதியில் சோதனை தொடங்கினார்கள். விஸ்கான்சின் குழு 2009-ல், குறைவாகத் தின்றவை நன்றாக இருக்கின்றன என்றது. தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தின் குழு 2012-ல், ஆயுளில் வித்தியாசமே இல்லை என்றது. பிறகு இரண்டு குழுவும் சேர்ந்து உட்கார்ந்து, 2017-ல் காரணத்தைச் சொன்னார்கள். விஸ்கான்சின் தீனியில் 28% அளவுக்குச் சர்க்கரை, அதுவும் ஒப்பிடுவதற்காகத் தீனி குறைக்காமல் வைத்திருந்த குரங்குகள் இஷ்டத்துக்குத் தின்றன. மற்ற இடத்தில் சர்க்கரை 4% அளவுதான், ஒப்பீட்டுக் குரங்குகளுக்கும் அளந்துதான் போட்டார்கள். எனக்கு இதில் தெரிவது இதுதான்: மிகையை நிறுத்தியதிலேயே பலனின் பெரும்பகுதி வந்துவிடுகிறது, ஏற்கெனவே அளவாகத் தின்றவனின் தட்டில் இன்னும் வெட்டுவதால் கிடைப்பது சொற்பம். 68 கிலோ இருந்த அப்பா மிகையில் இருந்தாரா என்பதையே யாரும் கேட்கவில்லை.

மனிதர்களிடம் நடந்த முக்கியமான சோதனைக்கு காலரி என்று பெயர். பருமன் இல்லாத சுமார் 220 பேரைச் சேர்த்து, அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரை இரண்டு வருடம் கலோரியை 25% குறைக்கச் சொன்னார்கள். அவர்களால் முடிந்தது 12% அளவுதான். அதற்கே ரத்த அழுத்தமும் கொழுப்பு அளவுகளும் சீரடைந்தன, மூப்பின் வேகத்தைக் காட்டும் ஒரு ரத்த அளவுகோல் 2 முதல் 3% குறைந்தது. வேறு சில அளவுகோல்கள் அசையவில்லை. இடுப்பிலும் முதுகிலும் எலும்பின் அடர்த்தி குறைந்தது. சோதனையில் சேர்த்த எல்லோரும் 50 வயதுக்கு உட்பட்டவர்கள். அப்பாவின் வயதில் அந்த எலும்பு இழப்பை ஈடுகட்ட என்ன இருக்கிறது?

மெட்டபாலிசம் பற்றி அவர் சொல்வதையும் பார்த்துவிடலாம். 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை அளந்து ஹெர்மன் பான்ட்சரின் குழு 2021-ல் வெளியிட்டது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 முதல் 60 வயதுவரை மெட்டபாலிசம் மாறுவதே இல்லை. 60-க்குப் பிறகு வருடத்துக்கு சுமார் 0.7% இறங்குகிறது. 67 வயதுக்குக் கணக்கு போட்டால் 5% அளவு வரும். அதற்கு ஒருவாய் குறைத்தால் போதும், இரண்டு வேளையை நிறுத்த வேண்டியதில்லை. ஆற்றல் தேவை இப்படிக் குறையும் அதே வயதில் புரதத் தேவை ஏறுகிறது. பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு கிலோவுக்கு 0.8 கிராம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். அப்பாவின் எடைக்கு அது 60-லிருந்து 70 கிராம். பசி மங்கிய வயதில் அவ்வளவையும் ஒரே வேளையில் உட்கார்ந்து சாப்பிடுவது நடக்காத காரியம்.

தடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆம் என்றுதான் சொல்வேன். ஆனால் சண்டை வேண்டாம். அவர் சாவுக்குப் பயந்து இதைச் செய்கிறார், அல்லது உங்களுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்று செய்கிறார். இரண்டும் மதிக்க வேண்டிய காரணங்கள். அவரே நம்பும் ஆராய்ச்சியின் மீதிப் பக்கங்களைக் காட்டுங்கள். பகல் பத்து மணி நேரத்துக்குள் மூன்று வேளை, ஒவ்வொரு வேளையிலும் பருப்போ பாலோ முட்டையோ மீனோ, இரவில் ஒன்றும் வேண்டாம் என்றால் அவர் ஒத்துக்கொள்ளக்கூடும். விரதத்தின் ஒழுங்கு அவருக்குப் பிடித்திருக்கிறது, அதை முழுவதும் பறிக்காதீர்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புரதத்தைக் கூட்டுங்கள்.

அதோடு தசைப் பயிற்சி கட்டாயம் வேண்டும். நடைப்பயிற்சி இதற்குப் போதாது. 1990-ல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். பலம் சராசரியாக 174% கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். உங்கள் அப்பா அவர்களைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர். அழுத்தம் சீரானதும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கூட்டிப்போங்கள். முதல் வாரம் உயரமான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, பிறகு அதைவிடத் தாழ்ந்தது, பிறகு கையில் எடையோடு என்று அவர் சொல்லிக்கொடுப்பார்.

உங்களைப் பற்றி. 41 வயதில் கணக்கு வேறு. இடுப்பைச் சுற்றிச் சதை போட்டிருந்தால், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தால், அளவைக் குறைப்பது நல்லதுதான். ஒருவேளை உணவெல்லாம் தேவையில்லை. சாப்பிடும் நேரத்தை எட்டு மணி நேரத்துக்குள் சுருக்கினால் தனியாக ஏதாவது பலன் உண்டா என்று 139 பேரிடம் ஒரு வருடம் பார்த்தார்கள். கலோரியை மட்டும் குறைத்தவர்களைவிட, அதோடு நேரத்தையும் சுருக்கியவர்கள் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக இளைக்கவில்லை என்று 2022-ல் முடிவு வந்தது. உங்களுக்கு எது சுலபமோ அதைச் செய்யுங்கள். ஆனால் எடை தூக்கும் பயிற்சியை இப்போதே தொடங்கிவிடுங்கள், முடிந்தால் அப்பாவோடு சேர்ந்து. மருத்துவர் மாத்திரையைப் பற்றி என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.