வண்டிகள் தமக்குள் பேசிக்கொண்டால் விபத்து குறைந்துவிடுமா?

கேள்வி: ஓட்டுநர் இல்லாத வண்டிகள் கம்பியில்லாத் தொடர்பு மூலம் ஒன்றோடொன்று ஒத்துழைத்தால் சாலை விபத்துகள் பெருமளவு குறையும் என்று படித்தேன். இதில் உண்மையான சவால் எது? தஞ்சை, திருவாரூர்ப் பக்கச் சாலைகளில் இது என்றைக்காவது நடக்குமா? இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகக் கேட்கிறேன்.

குறையும். ஆனால் அதற்கு முன் தாண்ட வேண்டிய தடை, நீங்கள் படித்த கட்டுரைகளில் இரண்டு வரியில் முடிந்துபோயிருக்கும். வண்டிகளைப் பேச வைப்பது பொறியாளர்களுக்குக் கைவந்த வேலை. ஒரு வண்டி சொன்னதை இன்னொன்று நம்பி, யார் நிற்பது, யார் போவது என்று இரண்டும் ஒரே முடிவுக்கு வர வேண்டுமே, அங்கேதான் இடிக்கிறது.

நான் மின்னணுவியல் படித்துவிட்டு, தஞ்சாவூர் வட்டாரத்தில் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் ஜிபிஎஸ் கருவி பொருத்திக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். ஓட்டுநரில்லா காரைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் ஒரு வண்டி தன்னைப் பற்றி வெளியே என்ன சொல்கிறது, அதில் எவ்வளவு உண்மை என்பது எனக்கு அன்றாடப் பாடு. அந்த அளவில் இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

2007 நவம்பர் 3ஆம் தேதி, அமெரிக்காவில் கலிபோர்னியாவின் விக்டர்வில் என்ற ஊரில், மூடப்பட்ட ஒரு விமானப்படைத் தளத்தில், டார்பா என்ற ராணுவ ஆய்வு அமைப்பு ஓட்டுநரில்லா வண்டிகளுக்கு ஒரு நகர்ப்புறப் போட்டி நடத்தியது. எம்.ஐ.டி.யின் வண்டிக்கு டாலோஸ் என்று பெயர்; கார்னெல் பல்கலைக்கழக வண்டிக்கு ஸ்கைநெட். ஸ்கைநெட் தயங்கித் தயங்கி நின்றுகொண்டிருந்தது. நிற்கிறதே என்று டாலோஸ் அதைத் தாண்டிப்போய்த் தன் பாதைக்குத் திரும்பியது. அந்த நேரம் பார்த்து ஸ்கைநெட் நகர்ந்தது. மெதுவான வேகம்தான், உரசியதோடு போயிற்று. இரண்டும் பிறகு போட்டியையும் முடித்துவிட்டன. ஓட்டுநரில்லா வண்டிகள் இரண்டு மோதிக்கொண்டதில் விரிவாக ஆராயப்பட்ட முதல் சம்பவங்களில் அது ஒன்று. இரண்டு அணியினரும் சேர்ந்து உட்கார்ந்து பதிவுகளை அலசினார்கள். வண்டிகளுக்குக் கண் இல்லாமல் இல்லை. ரேடாரும் லேசரும் உடம்பெல்லாம் இருந்தன. எதிரே இருப்பது அடுத்து என்ன செய்ய நினைக்கிறது என்பதை ஊகிக்க இரண்டுக்குமே தெரியவில்லை.

இனி நம் பக்கம் வாருங்கள். டெல்டாவில் வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் குறுக்கே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பழைய பாலங்கள் இன்னும் ஏராளம். இந்த முனையில் டவுன் பஸ். அந்த முனையில் அறுவடை இயந்திரத்தை ஏற்றிய லாரி. பஸ் ஓட்டுநர் முகப்பு விளக்கை இரண்டு முறை அடிக்கிறார். நம் ஊரில் அதற்கு "நான் வருகிறேன், நீ நில்" என்று பொருள். (இதையே இங்கிலாந்தில் செய்தால் "நீ வா" என்று எடுத்துக்கொண்டு எதிராளி கிளம்பிவிடுவார்.) லாரிக்காரரும் பதிலுக்கு விளக்கை அடிக்கிறார். இருவரும் செய்தி அனுப்பியாயிற்று, இருவருக்கும் அது கிடைத்துமாயிற்று, முடிவு மட்டும் வரவில்லை. அப்போது லாரிக்குப் பின்னால் ஒரு டிராக்டரும் நாலைந்து பைக்குகளும் வந்து அடைத்துக்கொள்வதைப் பஸ் ஓட்டுநர் பார்க்கிறார். அந்த லாரியால் இனிப் பின்னால் எடுக்க முடியாது. நடத்துநர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் பின்பக்கம் போய் விசிலடிக்கிறார். பஸ் பின்வாங்குகிறது. லாரியின் கிளீனர் கதவைத் தட்டி "வரலாம், வரலாம்" என்கிறார்.

இதில் கைமாறிய தகவல்களை எண்ணிப் பாருங்கள். யாரால் பின்வாங்க முடியும், யாருக்கு இடம் இருக்கிறது, யார் விட்டுக்கொடுக்கும் ஆள். இவற்றில் ஒன்றுகூட இன்றைய வண்டிச் செய்தியில் இல்லை. அமெரிக்க முறையில் 'அடிப்படைப் பாதுகாப்புச் செய்தி' என்ற ஒன்றை, கருவி பொருத்திய ஒவ்வொரு வண்டியும் விநாடிக்கு 10 முறை வானொலி அலையில் வீசும்: நான் இருக்கும் இடம், என் வேகம், என் திசை, பிரேக்கில் கால் இருக்கிறதா, என் நீளம், அகலம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பஸ், இரண்டு செய்திகளுக்கு நடுவே சுமார் 1.7 மீட்டர்தான் நகர்ந்திருக்கும். ஆகவே வேகம் போதும். ஆனால் இது இப்போதைய நிலையை அறிவிப்பதோடு சரி. "நான் இப்படிச் செய்கிறேன், நீ அப்படிச் செய்கிறாயா" என்று கேட்டு ஒப்பந்தம் போடுவது வேறு. அதற்கான செய்தி வகைகளை ஐரோப்பியத் தர அமைப்புகள் வகுத்து வருகின்றன.

ஒப்பந்தச் செய்தி வந்துவிட்டாலும் தீராத ஒன்று இருக்கிறது. கணினியியலில் 'இரு தளபதிகள் சிக்கல்' என்று நீங்களே படித்திருப்பீர்கள். "நீ வா" என்று நான் சொல்கிறேன். அது உனக்குக் கிடைத்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும். கிடைத்தது என்று நீ அனுப்பியது எனக்கு வந்ததா என்று உனக்குத் தெரிய வேண்டும். செய்தி தொலைந்துபோக வாய்ப்புள்ள எந்தத் தடத்திலும் இதற்கு முழு உறுதி கிடையாது. உடன்பாடு உறுதியாகாவிட்டால் யாரும் பாலத்தில் ஏறக்கூடாது என்று வைத்துவிடலாம். மோதல் இருக்காது, போக்குவரத்தும் இருக்காது. 2024இல் சான் பிரான்சிஸ்கோவில் வேமோ நிறுவனத்தின் ஓட்டுநரில்லா கார்கள் ஒரு நிறுத்துமிடத்தில் விடியற்காலையில் ஒன்றுக்கொன்று ஹார்ன் அடித்து அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைக் கெடுத்தன. பின்னால் எடுக்கும் வண்டி தன்மேல் இடிக்காமலிருக்க ஹார்ன் அடிக்க வேண்டும் என்று அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தில் நிற்பதும் நம் ஆள்தான் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மென்பொருளைத் திருத்திச் சரிசெய்தார்கள். ஒரே நிறுவனத்தின் கார்களுக்கே இந்தக் கதி.

எந்த அலையில் பேசுவது என்ற சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பெரும்பாலும் அரசியல். அமெரிக்கா 1999இல் 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பகுதியில் 75 மெகாஹெர்ட்ஸை வண்டிகள் பேசுவதற்கென்று ஒதுக்கியது. பேசும் கருவியைப் புதிய கார்களில் கட்டாயமாக்கலாம் என்ற வரைவு 2016 டிசம்பரில் வந்தது, சட்டமாகவே இல்லை. 2020இல் அந்த 75இல் 45ஐ வைஃபைக்குக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் 30. நடுவில், வைஃபை வழியில் பேசுவதா, கைபேசித் தொழில்நுட்ப வழியில் பேசுவதா என்று இரண்டு முகாம்கள். ஃபோக்ஸ்வாகன் 2019இல் அறிமுகம் செய்த கோல்ஃப் காரில் முதல் வகையைப் பொருத்தியது. சீனா இரண்டாவது வகையின் பக்கம் நிற்கிறது. ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. இதோடு ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள்: 100 வண்டிகளில் 10இல் கருவி இருந்தால், எதிரெதிரே சந்திக்கும் இரண்டிலுமே கருவி இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். முதலில் வாங்குகிறவருக்குப் பலன் ஏதும் இல்லாத பொருளை யார் காசு கொடுத்து வாங்குவார்?

நான் தினம் பார்க்கும் சங்கதிக்கு வருகிறேன். கல்லணைக் கால்வாயை, அதுதான் எங்கள் ஊர்க்காரர்கள் புது ஆறு என்பது, ஒட்டியே கரைச் சாலைகள் போகின்றன. பல இடங்களில் இரண்டு கரையிலும் சாலை. சாதாரண ஜிபிஎஸ் கருவி திறந்த வானத்தின் கீழேயே சில மீட்டர் தவறும். புளிய மரங்கள் கவிந்த சாலையில் இன்னும் மோசம். லாரி முதலாளி கைபேசியில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வண்டி ஆற்றில் நீந்துகிறதே" என்று கூப்பிடுவார். இதை மறைக்க ஒரு தந்திரம் உண்டு: புள்ளி எங்கே விழுந்தாலும் பக்கத்துச் சாலைக்கு இழுத்து ஒட்டவைத்துவிடும் மென்பொருள். முதலாளிக்குத் திருப்தி. ஆனால் புள்ளி வாய்க்காலின் நடுக்கோட்டைத் தாண்டி விழுந்திருந்தால், தெற்குக் கரையில் போகும் லாரி திரையில் வடக்குக் கரையில் ஓடும்! இந்தப் புள்ளியை நம்பி வண்டிகள் தமக்குள் பேசினால், கிழக்கே போகும் லாரியும், மேற்கே வரும் பஸ்ஸும், நடுவில் முழு வாய்க்காலும் இருக்க, நேருக்கு நேர் மோதப்போவதாக இரண்டு கருவிகளும் அலறும். ஓட்டுநர் முதல் நாள் பிரேக் போடுவார். மூன்றாம் நாள் கருவியின் வாயில் துணியை அடைத்துவிடுவார். ஓட்டுநரில்லா வண்டியோ ஒவ்வொரு முறையும் நின்று, பின்னால் வருகிறவரை மோதவைக்கும். ஒரு சாலைத் தடத்தின் அகலம் சுமார் 3.5 மீட்டர், எந்தத் தடத்தில் இருக்கிறேன் என்று உறுதியாகச் சொல்லவே அதைவிடத் துல்லியம் வேண்டும்.

தெரியாமல் தவறாகச் சொல்வது இப்படி. தெரிந்தே பொய் சொல்வதும் உண்டு. என் கருவியின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு "பேட்டரி போச்சு" என்று சொல்லும் ஓட்டுநர்களை எனக்கு நன்றாகத் தெரியும். செய்தியை அனுப்பியது உண்மையான வண்டிதானா என்று அறிய ஒவ்வொரு செய்திக்கும் மின்னணுக் கையொப்பம் வைக்கிறார்கள். ஆளைப் பின்தொடர முடியாதபடி அந்த அடையாளத்தை அடிக்கடி மாற்றவும் செய்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கையொப்பம் யார் சொன்னது என்பதைத்தான் காட்டும். சொன்னது சரியா என்பதைக் காட்டாது. முறையான சான்றிதழ் வைத்திருக்கும் லாரி, தவறான கரையில் இருப்பதாகச் சொன்னாலும் கையொப்பம் செல்லும். ஆகவே கேட்டதைத் தன் கண்ணால் பார்த்ததோடு ஒத்துப் பார்த்தே வண்டி நம்ப வேண்டும். வளைவுக்கு அப்பால் இருப்பதை அறியத்தானே அடுத்த வண்டியைக் கேட்கிறோம். அங்கே ஒத்துப் பார்க்க எதுவும் இருக்காது. நம்பிக்கையின் முழுச் சுமையும் அந்த இடத்தில்தான் விழுகிறது.

இவ்வளவும் பேசத் தெரிந்த வண்டிகளின் கதை. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 சதவீதம் பேர் நடந்து சென்றவர்கள். அதே ஆண்டு 64,105 விபத்துகளோடு, விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. கார்கள் தமக்குள் எவ்வளவு நாகரிகமாகப் பேசிக்கொண்டாலும் இந்தக் கணக்கில் பெரிய பகுதி அப்படியே நிற்கும்.

ஆனால் இங்கேதான் ஒத்துழைப்பின் உண்மையான பயனையும் பார்க்கிறேன். சம்பா அறுவடை முடிந்ததும் மாசி மாதத்தில் எங்கள் சாலைகளில் பாதியை நெல் பிடித்துக்கொள்ளும். காய வைக்கக் களம் இல்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பார்கள். விவசாயி வேறு எங்கே போவார்? வண்டி ஏறிவிடாமலிருக்க ஓரத்தில் செங்கல்லும் கருங்கல்லும் வரிசையாக வைப்பார்கள். இருட்டிய பிறகு அந்தக் கல் பைக்கில் வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் போன பஸ் அதைப் பார்த்துவிட்டது என்றால், பின்னால் வரும் எல்லாருக்கும் அது சொல்லியிருக்க வேண்டும். தான் பார்த்ததைப் பிறருக்கும் பகிர்வதைக் 'கூட்டு உணர்வு' என்ற பெயரில் ஆராய்கிறார்கள். இது இல்லாததன் விலைக்கு ஓர் உதாரணம் இருக்கிறது: 2023 டிசம்பரில் ஃபீனிக்ஸ் நகரில், கோணலாக இழுத்துச் செல்லப்பட்ட ஒரு பிக்கப் வண்டியை வேமோ கார் ஒன்று இடித்தது. சில நிமிடங்களில் அதே நிறுவனத்தின் இன்னொரு காரும் அதே வண்டியை இடித்தது. முதல் கார் பட்டது இரண்டாவதற்குப் போய்ச் சேரவில்லை.

பகிர்ந்தாலும் அடுத்த கேள்வி வரும். மாலையில் நெல்லை வாரிச் சாக்கில் கட்டிய பிறகு, "இங்கே நெல் கிடக்கிறது" என்ற செய்தியை யார் அழிப்பது? அழிக்காவிட்டால் இல்லாத நெல்லுக்காக வண்டிகள் விலகி எதிர்த் தடத்தில் ஏறும். அவசரப்பட்டு அழித்தால் கல் மட்டும் மிச்சமிருக்கும். பழைய செய்தி எத்தனை நிமிடம் செல்லும் என்பதற்கு நெல்லுக்கு ஒரு கணக்கு, மாட்டுக்கு ஒரு கணக்கு, பள்ளத்துக்கு ஒரு கணக்கு வேண்டும். இதை யாரும் வெளிநாட்டில் நமக்காகச் செய்து தரப்போவதில்லை.

நம் ஊரில் நடக்குமா என்றால், ஓட்டுநரில்லா கார் இப்போதைக்கு இல்லை. ஓட்டுநர்களின் பிழைப்பு போய்விடும் என்பதால் அவற்றை நாட்டுக்குள் விடமாட்டேன் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2023இல் வெளிப்படையாகவே சொன்னார். எனக்கு அதில் வருத்தமும் இல்லை. ஓட்டுநர் இருக்கட்டும், வண்டி மட்டும் பேசட்டும். பஸ், லாரி, ஆம்புலன்ஸ், அறுவடை இயந்திரம் ஏற்றும் வண்டி ஆகியவற்றில் மட்டும் மலிவான கருவி இருந்தாலே வளைவுக்கு அப்பால் வருவது தெரிந்துவிடும்.

யார் முதலில் என்பதைக் கருவிகளின் சாமர்த்தியத்துக்கு விடக்கூடாது என்பது என் கட்சி. தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் முறை வைத்துத் திறந்துவிடுகிறார்கள் அல்லவா. இன்றைக்கு எந்த ஆற்றுக்கு என்பது முன்பே தெரியும், மடையில் நின்று வாதாட வேண்டியதில்லை. பாலத்துக்கும் அப்படி எழுதிவைத்த விதி வேண்டும்: ஆம்புலன்ஸ் முதலில், பின்வாங்க முடியாதது அடுத்து, பிறகு முன்னால் வந்தது. விதி பொதுவில் இருந்தால், வண்டி சொன்னதை நம்பி ஏறியவர் அடிபடும்போது விபத்து வழக்கில் எதை வைத்து வாதாடுவது என்பதற்காவது ஒரு பிடி கிடைக்கும். இன்றைக்கு அந்தக் கேள்விக்கு யாரை நிறுத்துவது? ஓட்டுநரையா, கருவி செய்தவரையா, தவறாகச் சொன்ன எதிர்வண்டியின் முதலாளியையா?

திட்டப்பணிக்கு நெடுஞ்சாலையை எடுக்காதீர்கள். ஒரே ஒரு ஒற்றைத்தடப் பாலம், இரு முனையிலும் ஒவ்வொரு கருவி, உங்கள் நண்பர்களின் இரண்டு பைக்குகள் போதும். மோதலைத் தவிர்த்தீர்களா என்பதை விட்டுவிட்டு, இரண்டு கருவிகளும் எத்தனை முறை வேறுவேறு முடிவுக்கு வந்தன என்பதை மட்டும் பதிவு செய்யுங்கள். மரத்தடியில் ஒரு தடவை, வெட்டவெளியில் ஒரு தடவை என்று இரண்டு இடத்திலும் எடுங்கள். இரு கரையிலும் சாலை உள்ள இடமாகப் பார்த்தால் இன்னும் நல்லது.