பேசிவ் வாய்ஸில் டென்ஸ் எங்கே இருக்கிறது?

கேள்வி: அலுவலகத்தில் தினமும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறேன். பேசிவ் வாய்ஸ் (செயப்பாட்டுவினை) அட்டவணையை எத்தனையோ முறை மனப்பாடம் செய்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் 'இஸ் பீயிங்', 'ஹாஸ் பீன்' எல்லாம் கலந்துவிடுகிறது. எளிய வழி உண்டா? பேசிவை எங்கே எழுதலாம், எங்கே கூடாது?

பதில்: முதலில் அந்த அட்டவணையை மூடி வையுங்கள். அதன் சூட்சுமம் உங்களுக்குத் தமிழிலேயே தெரியும்.

எழுதப்படுகிறது, எழுதப்பட்டது, எழுதப்படும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'எழுத' மூன்றிலும் அசையவே இல்லை. காலத்தைச் சுமப்பது முழுக்க 'படு'தான். ஆங்கிலத்திலும் அப்படியே. 'எழுத' இருக்கும் இடத்தில் 'ரிட்டன்' என்ற மூன்றாம் வடிவம் (ரைட், ரோட், ரிட்டன் வரிசையில் கடைசி), 'படு' இருக்கும் இடத்தில் 'பி' என்ற வினை. இஸ், ஆம், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன் எல்லாம் அந்த 'பி' போடும் வேஷங்கள். மூன்றாம் வடிவத்துக்குப் 'பாஸ்ட் பார்ட்டிசிப்பிள்' என்று பெயர் வைத்ததுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். பெயரில் 'பாஸ்ட்' இருக்கிறதே தவிர, அது இறந்தகாலத்தைக் காட்டுவதில்லை. 'வில் பி ரிட்டன்' என்றால் இனிமேல்தான் எழுதப்படும்.

சரி, 'பி' எந்த வேஷம் போடும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? செய்வினை (ஆக்டிவ்) வாக்கியத்தைப் பாருங்கள். அங்கே 'ரைட்' எந்த வடிவில் நிற்கிறதோ, அதே வடிவில் 'பி' அந்த இடத்தில் உட்காரும். பின்னாலேயே 'ரிட்டன்' வரும்.

'ஷி இஸ் ரைட்டிங் த ரிப்போர்ட்.' இதில் 'ரைட்' இங் போட்டு நிற்கிறது. அப்படியானால் 'பி'யும் இங் போட வேண்டும்: பீயிங். ஆகவே 'த ரிப்போர்ட் இஸ் பீயிங் ரிட்டன்.' அடுத்து, 'ஷி ஹாஸ் ரிட்டன் த ரிப்போர்ட்.' இங்கே அது மூன்றாம் வடிவம். 'பி'யின் மூன்றாம் வடிவம் பீன். 'த ரிப்போர்ட் ஹாஸ் பீன் ரிட்டன்.' 'ஷி ரோட்' என்று வெறும் இறந்தகாலமாக இருந்தால் 'வாஸ் ரிட்டன்'. 'வில் ரைட்' என்றால் 'வில் பி ரிட்டன்'. ஹாட், வில் ஹாவ் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். டென்ஸ் 12 என்றாலும் பேசிவில் புழங்குவது 8 தான். பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் மூன்றையும், ஃப்யூச்சர் கன்டினியூவஸையும் பேசிவில் யாரும் அநேகமாக எழுதுவதில்லை. அவற்றை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

'பீன்' வந்தாலே பேசிவ் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பீனுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். 'ஹாஸ் பீன் ரைட்டிங்' என்றால் அவர்தான் எழுதிக்கொண்டே இருக்கிறார், அது செய்வினை. 'ஹாஸ் பீன் ரிட்டன்' என்றால் எழுதி முடித்தாயிற்று.

'படு'வை நம்பி இவ்வளவு தூரம் வந்தாலும், அது காலை வாரும் இடங்களும் உண்டு. கஷ்டப்பட்டேன், ஆசைப்பட்டேன் என்பவற்றிலும் 'படு' இருக்கிறது, ஆனால் அவை செயப்பாட்டுவினை அல்ல. இது தெரியாமல்தான் 'ஐ வாஸ் சஃபர்ட்' என்று எழுதிவிடுகிறார்கள். 'ஐ சஃபர்ட்' போதும். 'வாஸ் ஹாப்பன்ட்' என்பதும் இந்த ரகம். 'ஹாப்பன்', 'அரைவ்', 'ஸ்லீப்' எல்லாம் செயப்படுபொருள் குன்றிய வினைகள். 'எதை?' என்று கேட்டால் பதில் வராத வினைக்குப் பேசிவ் கிடையாது. எதிர்த்திசையிலும் ஒன்று இருக்கிறது. தமிழில் 'பிறந்தேன்' என்று செய்வினையாகச் சொல்வது ஆங்கிலத்தில் 'ஐ வாஸ் பார்ன்' என்று பேசிவ் ஆகிவிடும்.

மின்னஞ்சலில் இன்னொரு பிழையும் அடிக்கடி கண்ணில் படும்: 'த ரிப்போர்ட் ஹாஸ் பீன் ரிட்டன் யெஸ்டர்டே.' 'நேற்றே எழுதியிருக்கிறது' என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் 'ஹாஸ்' நிற்காது, 'வாஸ் ரிட்டன் யெஸ்டர்டே' என்றுதான் வரும்.

அப்புறம் உங்கள் இரண்டாவது கேள்வி. பேச்சுத் தமிழில் 'நான் அழைக்கப்பட்டேன்' என்று யார் சொல்கிறார்கள்? 'கூப்பிட்டாங்க' என்போம். யார் கூப்பிட்டார்கள் என்பது அங்கே முக்கியமில்லை. அந்த ஆளில்லாத 'ஆங்க'தான் ஆங்கிலத்தில் பேசிவாகிறது: 'ஐ வாஸ் கால்ட்.' செய்தவர் தெரியாதபோதும், தெரிந்தும் சொல்லத் தேவையில்லாதபோதும் பேசிவ் எழுதுங்கள். (நம் மரபில் வேறொரு வழியும் உண்டு. செயப்படுபொருளையே செய்தவர் போலப் பேசுவது வழக்கம்தான் என்கிறது தொல்காப்பியம். உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. ஆங்கிலத்தில் 'த டோர் ஓபன்ட்' கிட்டத்தட்ட இந்த ஜாதி.)

வாக்கியக் கடைசியில் 'பை மீ' என்று போடத் தோன்றினால் அதைச் செய்வினையாகவே எழுதிவிடுங்கள். 'த ரிப்போர்ட் வாஸ் ரிட்டன் பை மீ' என்பதைவிட 'ஐ ரோட் த ரிப்போர்ட்' எவ்வளவோ மேல். உங்கள் தவறை ஒப்புக்கொள்ளும்போதும் அப்படித்தான். 'எ மிஸ்டேக் வாஸ் மேட்' என்றால் நழுவுவது போலிருக்கும், 'ஐ மேட் எ மிஸ்டேக்' என்றே எழுதுங்கள். எதிரில் இருப்பவர் கையெழுத்துப் போட மறந்திருந்தால் மட்டும் கதை வேறு. 'யூ ஹாவ் நாட் ஸைன்ட் த ஃபார்ம்' என்பது விரல் நீட்டுவது போலிருக்கும். 'த ஃபார்ம் ஹாஸ் நாட் பீன் ஸைன்ட்' என்று அனுப்புங்கள், யார் மனமும் நோகாது.