எடை கூடுதலான கர்ப்பிணிக்கு எபிடியூரல் போடுமுன் முதுகில் ஸ்கேன் எதற்கு?

"104 கிலோ எடையுள்ள என் மனைவிக்குப் பிரசவ வலி தணிக்கும் எபிடியூரல் ஊசி போடுமுன் முதுகில் ஸ்கேன் பார்ப்போம் என்கிறார்கள், அது அவசியம்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வடசென்னைப் பிரசவ அறைகளில் மயக்க மருத்துவராகப் பணிபுரியும் நான், பார்க்கச் சொல்லுங்கள் என்றே சொல்வேன்.

வழக்கமாக ஊசி போடும் இடத்தை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கிறோம். இடுப்பெலும்பின் இரு மேல்விளிம்புகளை இணைக்கும் கோடு நான்காம் இடுப்பு முள்ளெலும்பை ஒட்டிப் போகும் என்பது கணக்கு. சதைப்பற்று மிகுந்த முதுகில் அந்த விளிம்பும் கைக்கு அகப்படாது, நடுக்கோடும் புலப்படாது. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், மயக்க மருத்துவர்கள் விரலால் கணித்த இடம் 29 சதவீதம்தான் சரியாக இருந்தது. தவறியவற்றில் பெரும்பாலானவை நினைத்த இடத்துக்கு மேலே, அதாவது தண்டுவடம் முடியும் பக்கமாக, இருந்தன.

பணியில் சேர்ந்த புதிதில், தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஒரு தாய்க்கு ஐந்து முறை குத்தினேன். கட்டில் விளிம்பைப் பற்றியிருந்த அவருடைய விரல்கள் வெளுத்துப் போயிருந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

இந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் முதலில் முதுகின் நீளவாக்கில் பார்த்து, தொடர்ச்சியான வெள்ளைக் கோடாகத் தெரியும், முதுகெலும்பின் அடிப்பகுதியான திருவெலும்பிலிருந்து மேல்நோக்கி இடைவெளிகளை எண்ணுவோம். பிறகு குறுக்காக வைத்தால், முள்ளெலும்பின் கரிய நிழல் நடுக்கோட்டைக் காட்டிக் கொடுக்கும். என் அனுபவத்தில் பருமனான முதுகில் பாதி வேலை அந்த நிழலிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போக வேண்டிய ஆழத்தையும் அளந்துகொள்வதால், நீளமான ஊசி தேவையா என்பது முன்கூட்டியே தெரியும். முதுகில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவி (புரோப்) சதையை அழுத்துவதால், உண்மையான ஆழம் திரையில் காண்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே ஊசி உள்ளே போகும்போது கையில் உணரும் எதிர்ப்பு சட்டென்று விடுபடுவதைத்தான் கடைசிவரை நம்புகிறோம். பேனாவால் குறித்த பிறகு உங்கள் மனைவி அசையாமல் அதே நிலையில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனெனில் கொழுப்பின் மேல் தோல் நகர்ந்தால் குறியும் நகர்ந்துவிடும்.

"கொயந்தைக்கு எதுனா ஆயிடுச்சா டாக்டரம்மா?" என்று, ஸ்கேன் என்றதும் காசிமேட்டுப் பாட்டி ஒருவர் பதறினார். இந்த ஸ்கேன் தாயின் முதுகை மட்டுமே பார்க்கிறது, வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

வலி முற்றும்வரை காத்திராமல் மயக்க மருத்துவரை இப்போதே சந்தித்துப் பேசுங்கள். நன்றாக வேலை செய்யும் எபிடியூரல் குழாய் முதுகில் இருந்தால், அவசர சிசேரியன் தேவைப்படும்போது பெரும்பாலும் அதன் வழியாகவே மருந்தைக் கூட்டிக்கொள்ளலாம். பருமனானவர்களுக்குச் சிரமமாகக்கூடிய, தொண்டையில் குழாய் செலுத்தும் முழு மயக்கத்தைத் தவிர்க்கலாம்.