கன்பூசியஸ் கடை வைத்தாரா?

கேள்வி: கொரியர்கள் தொழிலில் இவ்வளவு வளர்ந்ததற்குப் பழங்காலச் சீன ஞானி கன்பூசியஸ் சொன்ன உழைப்பும் ஒழுக்கமும்தான் காரணம் என்கிறார் எங்கள் மேலாளர். உண்மையா? (ஸ்ரீபெரும்புதூர் வாசகர்)

பதில்: எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. கன்பூசியத்தை ஆட்சி நெறியாகவே வைத்திருந்த சோசோன் வம்சம் 1392 முதல் 500 ஆண்டுகளுக்கு மேல் கொரியாவை ஆண்டது. அங்கே படித்தவனுக்கு முதல் மரியாதை. பிறகு உழவன், அப்புறம் கைவினைஞன். வியாபாரி கடைசி வரிசை! தொழில் பெருகியதில் 1961-இல் ஆட்சியைப் பிடித்த பார்க் சுங் ஹீக்குத்தான் பெரும் பங்கு. ஏற்றுமதி செய்பவர்களுக்கு மலிவுக் கடனை அள்ளிக் கொடுத்தார்.

சரி, கன்பூசியஸ் எங்கேதான் இருக்கிறார்? மூத்த மகனே வாரிசு என்ற வழக்கத்தில். எல்ஜியைப் பாருங்கள். 1947-இல் முகப்பூச்சு கிரீம் தயாரித்துத் தொடங்கிய கூ குடும்பத்தில், தலைவர் பதவி மூத்த மகனுக்கே போகும். மூன்றாம் தலைமுறைத் தலைவர் கூ பொன் மூவின் ஒரே மகன் இறந்துவிட்டார். மகள்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஆனாலும் 2004-இல் தம்பி மகன் குவாங் மோவைத் தத்தெடுத்தார். அப்போது அந்தப் 'பிள்ளை'க்கு வயது 26! 2018-இல் பெரியப்பா மறைந்ததும் அவரே தலைவர். கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்த சித்தப்பா ஒருவர், குடும்ப வழக்கப்படி ஒதுங்கி, 2021-இல் சில நிறுவனங்களோடு தனியாகப் பிரிந்துபோனார்.

சாம்சங் நிறுவனர் லீ பியுங் சல் வேறு மாதிரி. 1938-இல் தேகு நகரில் கருவாடும் நூடுல்ஸும் விற்றுத் தொடங்கியவர். தன்னை உருவாக்கிய நூல் கன்பூசியஸின் உரைத்தொகுப்புதான் என்று சொன்னவர். ஆனால் மூத்தவரை விட்டுவிட்டு மூன்றாவது மகன் லீ குன் ஹீக்குத்தான் நாற்காலியைக் கொடுத்தார். பக்தி வேறு, வியாபாரம் வேறு என்று நினைத்தார் போலும். 2012-இல் மூத்தவர் சொத்து கேட்டுத் தம்பி மேல் வழக்குப் போட்டுத் தோற்றார்.

கேள்வி: அப்படியானால் மகள்களுக்கு ஒன்றுமே இல்லையா? (அதே வாசகர்)

பதில்: உண்டு, ஆனால் மையத்தில் இல்லை. லீ பியுங் சல்லின் கடைசி மகளுக்கு ஷின்செகே பல்பொருள் அங்காடி வந்தது; அதை அவர் பெரிய குழுமமாக்கிக் காட்டினார். அடுத்த தலைமுறையில், லீ குன் ஹீயின் பிள்ளைகளில், சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் மகனுக்கு, ஷில்லா ஹோட்டல் மூத்த மகளுக்கு. எல்ஜி வீட்டில் பொறுமை தீர்ந்துவிட்டது: 2023-இல் கூ பொன் மூவின் மனைவியும் இரு மகள்களும் தத்துப்பிள்ளைக்கு எதிராகச் சொத்து கேட்டு நீதிமன்றம் போனார்கள்.