வீட்டில் கோல்ட் ப்ரூ காபி போடுவது எப்படி? வழக்கமான ஃபில்டர் காபிப் பொடியிலேயே செய்யலாமா?

ஃபில்டர் பொடியில் வேண்டாம். கோல்ட் ப்ரூ என்றால் காபிப் பொடியைக் குளிர்ந்த தண்ணீரில் பல மணி நேரம் ஊற வைத்து வடிப்பது. அதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை, ஒரு பாட்டிலும் துணியும் போதும். ஆனால் பொடி மட்டும் சரியாக அமைய வேண்டும். நம் ஃபில்டருக்கு அரைக்கிற பொடி மிக நைஸாக இருக்கும். கொதிக்கிற தண்ணீர் ஒரு தடவை இறங்கிப் போவதற்கு அது சரி, பதினாறு மணி நேரம் தண்ணீரிலேயே கிடந்தால் கசந்துவிடும், வடிகட்டும்போதும் துணி அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும், கடைசியில் டம்ளர் அடியில் சேறு போல மண்டி தங்கும்.

சிக்கரி அடுத்த விஷயம். கடையில் 80:20, 70:30 என்று கலந்து கொடுப்பதில் அந்த இரண்டாவது எண் சிக்கரி. அது தண்ணீரில் சுலபமாகக் கரைந்து நிறத்தையும் கெட்டித்தன்மையையும் கூட்டிவிடும், பால் காபிக்கு அதுதான் வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் ஊற வைப்பதே கொட்டையின் மெல்லிய வாசனைகள் தெரிய வேண்டும் என்பதற்காக. சிக்கரி அதையெல்லாம் மூடிவிடும். (அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் சிக்கரி சேர்த்தே ஊற வைத்து, பால் ஊற்றிக் குடிக்கிற வழக்கம் உண்டு. அது பிடித்தால் பின்னால் செய்து பாருங்கள், முதல் தடவை சுத்தக் காபியில் செய்யுங்கள்.)

கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கிற கடைக்குப் போய் "பிளாண்டேஷன் ஏ அல்லது பீபெரி, சிக்கரி வேண்டாம், மீடியம் ரோஸ்ட், கொரகொரப்பாக அரைத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பிளாண்டேஷன் என்றால் பழத்தோலையும் சதையையும் நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் கொட்டை, புளிப்பும் இனிப்பும் தெளிவாகத் தெரியும். பீபெரி என்றால் பழத்துக்குள் இரண்டாகப் பிரியாமல் ஒற்றையாக விளைகிற உருண்டைக் கொட்டை. கொட்டை மேல் எண்ணெய் மினுமினுத்தால் அது அதிகம் வறுபட்டது, இதற்கு வேண்டாம். பொடி கோதுமை ரவை பருமன் இருக்க வேண்டும். கடையில் அப்படி அரைக்கத் தயங்கினால் கொட்டையாகவே வாங்கி வந்து, மிக்ஸியில் விப்பர் பக்கம் திருப்பி விட்டு விட்டு அரையுங்கள், அப்புறம் மாவு சல்லடையில் சலித்து நைஸை ஒதுக்கிவிடுங்கள். அந்த நைஸ் வீணாகாது, அடுத்த நாள் ஃபில்டரில் போட்டுக்கொள்ளலாம்.

அளவு: 100 கிராம் பொடிக்கு 800 மில்லி தண்ணீர். தண்ணீரைக் காய்ச்சி நன்றாக ஆற வைத்து ஊற்றுங்கள், இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் காபி எந்தக் கட்டத்திலும் சூடாவதில்லை, தண்ணீரில் கிருமி இருந்தால் அப்படியே வயிற்றுக்குள் போகும். பாட்டிலும் வெந்நீரில் கழுவியதாக இருக்கட்டும்.

பொடியைப் போட்டுத் தண்ணீரை ஊற்றியதும் பாதி மேலே மிதந்து ஆடை கட்டியது போல நிற்கும், அடியில் தண்ணீர் வெளுப்பாகவே இருக்கும். புதிதாக வறுத்த கொட்டை என்றால் உள்ளே இருக்கிற வாயுவால் இன்னும் அதிகமாக மிதக்கும். நீளக் கரண்டிக் காம்பால் மெதுவாக அமுக்கி, எல்லாப் பொடியும் நனைகிற மாதிரி ஒரு கிளறு கிளறி, பத்து நிமிடம் விட்டு இன்னொரு தடவை கிளறி மூடிவிடுங்கள். அதற்குப் பிறகு தொடவே வேண்டாம்.

குளிர் நாடுகளில் பன்னிரண்டு மணி நேரம் மேசை மேலேயே வைக்கச் சொல்வார்கள். நம் ஊர் மே மாதத்தில் அதைச் செய்யாதீர்கள், ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள், நேரம் மட்டும் 16 முதல் 18 மணி ஆகும். மாலை ஆறு மணிக்கு ஊற வைத்தால் மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வடித்துவிடலாம்.

வடிப்பதற்கு முதலில் டீ வடிகட்டி, பிறகு துவைத்த பழைய வேட்டித் துணி இரண்டு மடிப்பு. சோப்பு வாசனை இல்லாத துணியாகப் பாருங்கள், காபி அதை உடனே பிடித்துக்கொள்ளும். துணியை முறுக்கிப் பிழியாதீர்கள், மண்டியும் கசப்பும் சேர்ந்து வரும். பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் கையில் கிடைப்பது 600 மில்லி அளவுதான். ஃப்ரிட்ஜில் மூடி வைத்து நான்கைந்து நாளில் தீர்த்துவிடுவது நல்லது.

குடிக்கும்போது அதே அளவு குளிர்ந்த தண்ணீரும் ஐஸும் சேர்த்து முதலில் பால் இல்லாமல் குடித்துப் பாருங்கள். பால்தான் வேண்டும் என்றால் காய்ச்சி, ஏடெடுத்து, குளிர வைத்த பால். சர்க்கரை குளிரில் சரியாகக் கரையாது, கருப்பட்டிப் பாகு தனியாகக் காய்ச்சி வைத்துக்கொண்டால் ஒரு ஸ்பூன் போதும், காபியோடு அருமையாகச் சேரும்.

அல்சருக்கு நல்லது, அமிலமே இல்லை என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். 2018-இல் பிலடெல்பியாவின் தாமஸ் ஜெபர்சன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே கொட்டையைச் சூடாகவும் குளிராகவும் போட்டு அளந்தார்கள். பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டுகிற எண்) இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 4.85-க்கும் 5.13-க்கும் நடுவில், மொத்த அமிலம் சூடான காபியில் கூடுதல், அவ்வளவே. வயிற்றுப் பிரச்சினை இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களும் வடித்ததைத் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே குடிக்க வேண்டாம், காஃபின் அதிகம், இரவுத் தூக்கம் போய்விடும்.